என் மகனின் மூளையை ஸ்கேன் செய்தபோது

கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்து நூலகத்தில், முகங்களைப் பார்க்கும்போது பதின்ம வயதுப் பிள்ளைகளின் மூளை எப்படி இயங்குகிறது என்ற ஆய்வுக்கு ஆள் தேடி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் மகனுக்குப் 14 வயது. அவனே அதைப் போட்டோ எடுத்து வந்து காட்டினான். நம் வீடுகளில் இதற்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள், நானும் தயங்கினேன். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் போனில் அரைமணி நேரம் கேள்விகள். உடம்பில் உலோகம் உண்டா, மூடிய இடத்தில் பயமா, வலது கையா இடது கையா. அவனுக்கு அப்போது பல்லில் கம்பி. அது இருந்தால் படம் கெட்டுவிடும், கழற்றியதும் வாருங்கள் என்றார்கள். மூன்று மாதம் காத்திருந்தோம்.

போன அன்று நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, அவனுக்கென்று தனிப் படிவம், அவன் வேண்டாம் என்றால் என் சம்மதம் செல்லாது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம் என்று அவன் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம் காந்தம் இல்லாத ஒரு போலி ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அசையாமல் இருக்கப் பழக்கினார்கள். உங்கள் பிள்ளை போனால் இந்தப் பயிற்சி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும். காந்தத்தால் படம் எடுக்கும் எம்ஆர்ஐ என்பதால் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. சத்தம்தான் பயங்கரம், காதடைப்பான் கொடுக்கிறார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து, அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள்.

உள்ளே முக்கால் மணி நேரம். கண்ணுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் முகங்கள் வரும், ஆணா பெண்ணா என்று பட்டன் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். வந்தவற்றில் பாதி வெள்ளையர் முகம், பாதி கறுப்பினத்தவர் முகம். ஆனால் இனத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முடிந்த பிறகுதான் விளக்கினார்கள். அமிக்டலா என்று மூளையின் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. பயத்துக்கு மட்டுமல்ல, 'இதைக் கவனி' என்று மூளைக்குத் தோன்றும் எதற்கும் அது கூடுதலாக இயங்கும். 2013-இல் ஈவா டெல்சர், நிம் டாட்டன்ஹாம் குழுவினர் 4 முதல் 16 வயதுவரையிலான 32 பேரை ஸ்கேன் செய்து வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் முகங்களுக்கு அமிக்டலா கூடுதலாக இயங்குவது சின்னப் பிள்ளைகளிடம் இல்லை, பதின்ம வயதில்தான் தெரியத் தொடங்கியது. பல இனத்து நண்பர்களோடு பழகிய பிள்ளைகளிடம் அது குறைவாகவும் இருந்தது. இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியும் வந்தது, கலக்கமும் வந்தது. பிறவியிலேயே வருவதில்லை என்றால், நாங்கள் வளர்க்கும் வருஷங்களில்தானே உள்ளே போகிறது?

என் மகனுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டோம் என்றார்கள். மறைப்பதற்காக இல்லை, ஒருவரின் ஒரு ஸ்கேனை வைத்து அவர் மனசைப் படிக்க முடியாது, பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். சரியான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன். 'உன் மூளையில் இனவெறி இருக்கிறது' என்று ஒரு 14 வயதுப் பையனிடம் யாரும் சொல்லிவிடக்கூடாது. இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். 2004-இல் வில்லியம் கன்னிங்ஹாம் குழுவினர் வெள்ளையரான பெரியவர்களிடம் செய்த ஆய்வில், முகத்தை 30 மில்லி செகண்ட் காட்டியபோது கறுப்பினத்தவர் முகத்துக்கும் வெள்ளையர் முகத்துக்கும் இடையே தெரிந்த அமிக்டலா வித்தியாசம், 525 மில்லி செகண்ட் காட்டியபோது குறைந்துவிட்டது. அந்த நேரத்தில், யோசித்துக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

ஆனால் என்னை உலுக்கியது ஸ்கேன் இல்லை, கடைசியில் கொடுத்த கேள்வித்தாள். நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேர், அவர்கள் என்ன இனம் என்று எழுதச் சொல்லியிருந்தது. அவன் யோசிக்கவே இல்லை, ஐந்து வரியிலும் 'இந்தியர்' என்று எழுதினான். நல்ல பள்ளி என்று பார்த்துப் பார்த்து வீடு வாங்கியது நாங்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், நடுவில் கணக்கு டியூஷன், எல்லா இடத்திலும் அதே நாலு குடும்பத்துப் பிள்ளைகள். தமிழ்ப் பள்ளியை விட எனக்கு மனசில்லை, விடவும் மாட்டேன். டியூஷனை நிறுத்திவிட்டு ஊர் விளையாட்டு மையத்தில் கூடைப்பந்துக்குச் சேர்த்தேன். அந்த அணியில் எல்லா இனத்துப் பையன்களும் இருக்கிறார்கள்.

போன வாரம் வீடியோ காலில் அவன் பாட்டி, "வெயில்ல ஆடாதடா, கறுத்துப் போயிடுவ" என்றார். எத்தனை வருஷமாகக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போன பேச்சு. இந்தத் தடவை போனை வாங்கி, "அவன்கிட்ட இனிமே அப்படிச் சொல்லாதீங்க அத்தை" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சாப்பிட்டானா என்று கேட்டார்.