தரங்கம்பாடித் திடலும் ஹேஸ்டிங்ஸ் மைதானமும்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்குப் பிடித்துப் போனது அதன் முன்னால் கிடக்கும் திடல். டேனிஷ்காரர்கள் காலத்தில் சிப்பாய்கள் அணிவகுத்த இடம் அது. நான் போன சாயங்காலம் டென்னிஸ் பந்தில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. பந்து கோட்டைக்குள் விழுந்தால் அவுட்டாம். ஏன் என்று கேட்டேன். "பந்து எடுக்கவெல்லாம் டிக்கெட் வாங்க முடியுமாண்ணே?" என்றான் ஒரு பையன். நியாயம்தானே!

எனக்கு ஹேஸ்டிங்ஸ் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஊர். அங்கேயும் கடலுக்குப் பக்கத்தில், நடு ஊரில், 1864 முதல் ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது. ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த நம் ரஞ்சித்சிங்ஜி, சசெக்ஸ் மாவட்ட அணிக்காக ஆடிய மண். 1948-இல் ஆஸ்திரேலியாவின் பிராட்மன் அங்கே 143 ரன் அடித்தார். 1973-இல் மழை கொட்டி மைதானம் குளமாகிவிட, தீயணைப்பு வண்டி வந்து நீரை இறைத்தது. காய்ந்தும் காயாத அந்த ஆடுகளத்தில் இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் டெரக் அண்டர்வுட் 9 ரன் மட்டும் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். ஈர மண்ணில் இடக்கைச் சுழல் என்ன பாடு படுத்தும் என்பது கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். 1989-இல் ஆட்டம் நின்றது. நடு ஊர் நிலத்துக்கு இருக்கிற மதிப்பு அப்படி. இப்போது அங்கே வணிக வளாகம் நிற்கிறது, 1997-இல் திறந்தார்கள். நினைவுக்கு ஒரு மட்டையாளர் சிலையும் உண்டு. சிலை வைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்ன?

தரங்கம்பாடித் திடல் மட்டும் எப்படித் தப்பியது? என் கணக்கு இதுதான். ஊர் வளரவில்லை, அதனால் தப்பியது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். வியாபாரம் படுத்ததும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, கப்பலும் சரக்கும் அதன் பின்னாலேயே போயின. மயிலாடுதுறையிலிருந்து 1926-இல் இந்த ஊருக்கும் ஒரு ரயில் வந்தது. அதுவும் 1986-இல் நின்றுபோனது. ஆக, திடலை வளைத்துக் கடை கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை.

இங்கே நிலத்தைக் கேட்டு வருவது கடல்தான். 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலில் பாதிக்கு மேல் அலை கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியும் இந்த ஊரைப் புரட்டிப் போட்டது.

போவதாக இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். பையன்களுக்கு ஆள் குறைந்தால் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் முதலில் ஃபீல்டிங்தான்.