பேய்ப்படக் கேசட்டுகள்: வேலைக் குறிப்பேடு

பிப்ரவரி 8

தூர்தர்ஷனிலும் பிறகு வந்த தனியார் சேனல்களிலும் ஓடிய பேய்ப்படங்களை வீட்டு விசிஆரில் பதிந்துவைத்த கேசட்டுகள். இன்று முதல் கணினிக்கு மாற்றும் வேலை. பெரும்பாலானவை இ-180, மூன்று மணி நேரம் ஓடும். படம் மட்டும் போதும் என்றால் இதைவிடத் தெளிவான பிரதி வேறெங்காவது கிடைத்துவிடும். கதவு தானாகத் திறக்கிற நேரம் பார்த்து வரும் சோப்புத்தூள் விளம்பரமும், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையும் இந்த நாடாவில்தான் உண்டு. பயத்தை நீட்டித்ததே அந்தக் காத்திருப்புதான். அதனால் எதையும் வெட்டக் கூடாது.

முதல் வேலை: கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவது. அது இருக்கும்வரை தவறி மேலே பதிந்துவிடும் ஆபத்து உண்டு.

பிப்ரவரி 9

கடலோர ஊர்க் கேசட்டுகளில் பூஞ்சை அதிகம். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரியும். அப்படியே ஓட்டினால் விசிஆரில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் துடைக்க வேண்டும். கூடு உடைந்திருந்தால் அடியில் ஐந்து திருகாணி. கழற்றி, சுருளை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். அறுந்த நாடாவைச் சாதாரண செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை கசிந்து ஹெட்டில் ஏறும்.

நல்ல கேசட்டையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகே பிளே செய்வது நல்லது. வருடக்கணக்கில் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும்.

பிப்ரவரி 15

திரை முழுக்கப் புள்ளி மழை. ஹெட்டுகள் பொருந்திய உருளையான டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது, இரண்டு ஹெட்டும் மாறி மாறி ஒரு ஃபீல்டு (ஒரு ஃபிரேமின் பாதி வரிகள்) படிக்கின்றன. ஒன்று அடைத்தாலே படத்தில் பாதி போய்விடும். மான்தோல் துண்டில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். பஞ்சுக்குச்சி வேண்டாம், இழை சிக்கும்.

பிப்ரவரி 22

இருட்டுதான் பேய்ப்படத்தின் உயிர். மாற்றும்போது முதலில் கெடுவதும் அதுதான். 8 பிட் வீடியோவில் வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை; அதில் கறுப்பு 16, வெள்ளை 235. கறுப்பு 16-க்குக் கீழே இறங்கினால் மாடிப்படியில் நிற்கும் உருவம் சுவரோடு கரைந்துவிடும். கேப்சர் (கணினியில் பதிவது) தொடங்கும் முன், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து பிரைட்னஸைச் சரிசெய்யுங்கள். மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சிகளில் தானியங்கி கெயின் (வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கும். மின்னல் வெட்டினால் மொத்தப் படமும் மங்கி மீளும். அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் வேறு கருவி.

எஸ்-வீடியோ (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் கம்பி) வழி, 720×576 புள்ளிகள், நிற விவரம் 4:2:2, தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்-ஒய்யுவி வடிவம். மணிக்கு 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். நடுவில் டிபிசி (ஆடும் சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் கருவி) இல்லாவிட்டால் ஃபிரேம்கள் விழும். அலறல் ஒரு நொடி தள்ளி வரும்.

மார்ச் 1

ஆண்டெனா காலத்து நிழல் உருவம் பற்றி. மலையிலோ கட்டடத்திலோ பட்டு வரும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மைக்ரோ நொடி தாமதம். 21 அங்குலத் திரையில் அது சுமார் 8 மில்லிமீட்டர் வலப்பக்கம் விழும். வெள்ளைச் சேலைக்காரி பக்கத்தில் இன்னொரு வெளிறிய சேலைக்காரி! மென்பொருளால் இதை அழிக்க முயலக் கூடாது. அன்று பார்த்தவர்கள் கண்டது இரண்டு பேரையும்தான்.

மார்ச் 2

பார்ப்பதற்கான சின்னப் பிரதி: ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக்கும் க்யூடிஜிஎம்சி நிரல் கொண்டு நொடிக்கு 50 ஃபிரேமாக விரித்து, எக்ஸ்264 என்ற சுருக்கும் நிரலில் தர அளவு சிஆர்எஃப் 17. அதிலேயே பிட்டுகளைப் பகிரும் அமைப்பான ஏக்யூ-மோடை 3 என வைத்தால் இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட் போகும். இல்லாவிட்டால் சுடுகாட்டுப் புகை கட்டம் கட்டமாக உடையும். இரைச்சல் நீக்கியை லேசாக மட்டும். ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் படத்தின் அடியில் நடுங்கும் ஹெட்-ஸ்விட்ச் கோட்டை மூலக் கோப்பில் வெட்ட வேண்டாம்.

கோப்பின் பெயரில் சேனல், தேதி, ஊர். தேதி தெரியாவிட்டால் இடையில் வரும் செய்தியைக் கேட்டால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். மூலக் கேசட்டுகள் நிமிர்த்திய நிலையில், ஈரம் படாத அலமாரிக்கு.