ஒரு கட்டு

"மார்க் கொறைஞ்சுட்டுங்காவளே சார், எம்புள்ள மார்க்கும் அதுல சேத்தியா?"

2022இல் எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டது இதுதான். நாடு முழுக்கப் பிள்ளைகளின் படிப்பை அளக்க மத்திய அரசு வைத்த நாஸ் தேர்வில் தமிழ்நாட்டுக்கு மார்க் குறைந்துவிட்டது என்று அப்போது பேச்சு. பதில் என் கையில் தயாராக இருந்தது. நாஸ் தேர்வில் தனிப் பிள்ளைக்கு மார்க் கிடையாது. சில பள்ளிகளை எடுத்து, அதிலும் சில பிள்ளைகளை மட்டும் எழுத வைப்பார்கள். எங்கள் பள்ளி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். தேர்வு நடந்தது 2021 நவம்பர் 12. கொரோனாவுக்கு மூடிய பிறகு ஒன்று முதல் எட்டு வரைக்கும் நாம் கதவைத் திறந்ததே நவம்பர் 1இல்தான், நடுவில் தீபாவளி வேறு. 2017இல் எழுதிய பிள்ளைகளோடு இவர்களை ஒப்பிட்டால் குறையாமல் என்ன செய்யும்? இதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவர் விடவில்லை. "பீடிக்கடையிலயும் ரெண்டு கட்டை உருவித்தான் சார் பாக்காவ. அது சரியில்லன்னா மொத்தத்தையும்லா கழிக்காவ."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முக்கூடல் பக்கத்துக் கூட்டம், பாதிப் பேர் பீடி சுற்ற மடியில் சுளகு வைத்து வளர்ந்தவர்கள். சாம்பிள் என்றால் என்னவென்று அவர்களுக்குப் போய் விளக்கியிருக்கிறேன்!

"எம்புள்ளைய உருவிப் பாருங்க" என்று மகளை முன்னால் தள்ளினார். "ஏட்டி, போர்டுல உள்ளத வாசி." அவள் நாலாம் வகுப்பு. பீடி முனை மடக்கி மடக்கி ஆள்காட்டி விரல் நகத்தோரம் பழுத்திருந்தது. கரும்பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக் கதவு விஷயத்துக்குப் போய்விட்டேன்.

நாலு பேர் முன்னால் பிள்ளையைத் திணற விடக்கூடாது, அதனால்தான் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொள்கிறேன். பொய்யில்லை. ஆனால் அவள் திணறுவாள் என்று எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் வாசிக்காவிட்டாலும் நான் சொன்ன கணக்கு கணக்குதான். ஆனால் அங்கே யார் காதில் ஏறியிருக்கும்? என் காதிலேயே ஏறியிருக்காது. சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த வருஷம் மூன்றாம் வகுப்போடு நின்றது, இவள் அதைத் தாண்டி வந்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

இப்போது நன்றாக வாசிக்கிறாள். சாயங்காலம் தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புக்குப் போய்த்தான் பழகினாள் என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளைத் தினமும் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தது நான். அதைச் சொல்லலாம்தான். எப்போதிலிருந்து சார் என்று திருப்பிக் கேட்டால், அந்தக் கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து என்று சொல்ல வேண்டும்.