பிட்சரின் காலைப் பார்க்கும் நடுவர்

2014 இல் எட்ஜ்பாஸ்டன் கிரிக்கெட் ஆட்டத்தில் இலங்கையின் சசித்ர சேனாநாயக்க இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை மறுமுனையில் ரன் அவுட் ஆக்கியதிலிருந்து, பந்து வீசப்படுமுன் கிரீஸை விட்டு நகரும் ஆட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்வது நியாயமா என்ற வாதம் கொழும்பில் ஓய்ந்தபாடில்லை. பேஸ்போலில் இந்த வாதத்துக்கே இடமில்லை. அங்கே ஓட்டக்காரர், பேஸ் எனப்படும் தரிப்பிடத்திலிருந்து சில அடிகள் தள்ளி நிற்பதும், பந்து வீசும் பிட்சர் சட்டென்று அங்கே பந்தை எறிந்து அவரைப் பிடிக்க முயல்வதும் அன்றாட ஆட்டம். எந்த அசைவால் அவரை ஏமாற்றலாம் என்பதற்குத்தான் வரம்பு உண்டு. அதை மீறினால் நடுவர் ‘போல்க்’ என்று அறிவிப்பார்.

நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆடும் என் அக்காவின் மகன் இடக்கைப் பிட்சர். வெள்ளவத்தையில் இருந்தபடி அவன் அனுப்பும் காணொளிகளைப் பார்க்கும்போது என் கண் பந்தை விட்டுவிட்டு அவனுடைய வலது காலிலேயே நிற்கும். இடக்கைக்காரர் முதலாம் பேஸை நேருக்கு நேர் பார்த்து நிற்பதால், அவர் முழங்காலை உயர்த்தும்வரை பந்து பேட்டருக்கா ஓட்டக்காரருக்கா என்று எவராலும் சொல்ல முடியாது. உயர்த்திய கால், பிட்சர் மிதித்து நின்று வீசும் ரப்பர் பலகையின் பின்விளிம்பை முழுவதுமாகக் கடந்துவிட்டால், பேட்டருக்கு வீசுவதையோ இரண்டாம் பேஸில் உள்ளவரைக் குறிவைப்பதையோ தவிர அவருக்கு வேறு வழியில்லை. முதலாம் பேஸுக்கு எறிவதாயின் கால் அந்தத் திசையிலேயே ஊன்ற வேண்டும். பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கும் முதலாம் பேஸுக்கும் நடுவே 45 பாகையில் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொண்டே நடுவர்கள் இதை அளக்கிறார்கள்.

ரப்பரில் கால் இருக்கும்போது முதலாம் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை மட்டும் காட்டுவதும் போல்க். ரப்பரிலிருந்து முறைப்படி பின்னால் இறங்கிவிட்டால் அவர் சாதாரணக் களத்தடுப்பாளர். எறியலாம், எறியாமலும் விடலாம். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் 2013 முதல் தடைசெய்யப்பட்ட, மூன்றாம் பேஸுக்கு எறிவதுபோன்ற பாவனை பள்ளி விதியில் இன்னும் செல்லும். ஆனால் பள்ளி விதிக்குத் தனிக் கண்டிப்புகளும் உண்டு: கைகள் இரண்டும் கையுறையில் சேர்ந்தபின் ஓட்டக்காரரைப் பார்க்கத் தலையைத் திருப்பலாம், தோளைத் திருப்பக் கூடாது. மருமகன் கழுத்தை மட்டும் வளைத்து நிற்கும் அந்தக் கணத்தில் அவனுடைய சட்டையில்கூட ஒரு மடிப்பு அசைவதில்லை.

எனக்கு ஒவ்வாதது தண்டனை வழங்கும் முறைதான். மேஜர் லீக்கில் போல்க் அறிவிக்கப்பட்டாலும் ஆட்டம் தொடரலாம். பேட்டரும் எல்லா ஓட்டக்காரர்களும் ஒரு பேஸாவது முன்னேறினால் அந்தத் தவறு கணக்கில் எடுக்கப்படாது. பள்ளி விதியிலோ போல்க் நிகழ்ந்த கணமே பந்து செத்து ஆட்டம் நின்றுவிடுகிறது, ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறுகிறார்கள், அவ்வளவுதான். பிட்சர் அதன் பிறகும் வீசிவிட, அந்தப் பந்தைப் பேட்டர் வேலிக்கு அப்பால் அடித்தாலும் ஹோம் ரன் செல்லாது. தவறு செய்த அணியே தப்பித்துக்கொள்கிறது. பள்ளி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நடுவர்களே கிடைக்கும் நிலையில் எளிய விதி வேண்டும் என்பது விளங்குகிறது. ஆயினும் கிரிக்கெட்டில் நோ போலை ஆறு ஓட்டத்துக்கு அடித்துப் பழகிய நமக்கு, இதை நியாயம் என்று ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை.