செத்த வீட்டில சிரிச்ச கதை

ஒஸ்லோவில நான் வேலை செய்யிற கிச்சினில செஃப் நோர்வேக்காரி, உதவிக்கு ஒரு டென்மார்க் பெட்டையும் மால்மோவில இருந்து வந்த ஒரு சுவீடன் பொடியனும், பாத்திரம் கழுவுற மூலையில நான். அவை மூண்டு பேரும் தங்கட தங்கட பாஷையிலதான் கதைப்பினம், மற்ற ஆளுக்கு விளங்கும் எண்டு ஒரு துணிச்சல், முக்காவாசி விளங்கும்தான்.

டென்மார்க் பெட்டை அம்மம்மான்ர செத்த வீட்டுக்கு ஓர்ஹூஸ் போயிட்டு, இரவு பஸ்ஸில வந்து நேர வேலைக்கு இறங்கினவள், நித்திரை இல்லாமல் கண் ரெண்டும் சிவந்து போய்க் கிடக்கு. செஃப் அக்கா எல்லாம் எப்பிடிப் போச்சுது எண்டு கேக்க, களைச்ச குரல்ல, இரவு முழுக்கக் குடும்பமே ஒண்டா இருந்து "கிரீனெ" பண்ணினது எண்டாள். அவ்வளவுதான், அக்கா கரண்டியைப் போட்டிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சிட்டா. ஏனெண்டா நோர்வேயில கிரீனெ எண்டா அழுறது, டென்மார்க்கில சிரிக்கிறது!

இவளும் நிப்பாட்டேல்ல. பாதிரியார் செத்த அம்மம்மான்ர பேருக்குப் பதிலா முன் வரிசையில குத்துக்கல்லாட்டம் இருந்த தாத்தான்ர பேரை வாசிச்சுப் போட்டாராம், எல்லாரும் கிரீனெ பண்ணிச் சாகாத குறையாம். அக்கான்ர கண்ணால தண்ணி ஓடுது, அந்தப் பாதிரியாரைச் சும்மா விடக்கூடாது எண்டுறா, அந்த நேரம் பாத்து மால்மோப் பொடியன் தட்டத்தைக் கீழ போட்டிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அக்கா திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, நான் பேசாமல் பைப்பைத் திறந்து விட்டிட்டன்.

பொடியனில பிழை இல்லை. ஸ்டாக்ஹோம் ஆக்களுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் அழுகைதான், ஆனா அவன்ர ஸ்கோனேப் பக்கம் 1658 வரைக்கும் டென்மார்க்கா இருந்த இடம், அங்க இண்டைக்கும் அது சிரிப்பு. அடியில பாத்தா பல்லைக் காட்டி முகத்தைக் கோணுறதுதான் பழைய கருத்து, பிறகு ஒரு பக்கம் அழுதுது, மற்றப் பக்கம் சிரிச்சுது.

விஷயம் விளங்கினாப் பிறகு அக்கா பின்னேரம் மட்டும் "கிரீனெத்தெ", நோர்வேயில அது சிடுமூஞ்சி. பூ வாங்கவெண்டு எல்லாரிட்டயும் சேர்த்த காசுக்குக் கேக் வாங்கித் திண்டம்.

தாத்தா என்ன செய்தவர் எண்டு மட்டும் நான் கேட்டன். எழும்பிக் கையை ஆட்டினவராம்.