இரண்டு கோபங்களுக்கு நடுவே

பதினொரு வயதில் எங்கள் மகன் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழத் தொடங்கினான். ஒருநாள் காலை, தோசையின் ஓரம் கருகியிருந்தது என்பதற்காகத் தட்டைத் தள்ளினான்; சட்னி தெறித்துப் பள்ளிச் சீருடை கறையாக, அதற்கும் சேர்த்து என்னிடமே கத்தினான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அவனுடைய சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டவர், "ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் எப்படி இருப்பான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கத்தாத நேரத்தை நான் கவனித்ததே இல்லை.

அந்தக் கேள்வியின் கனம் பிறகு படித்தபோதுதான் புரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு, நீடித்த கடும் எரிச்சலைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது மிதமிஞ்சிய ஆத்திரம், ஓராண்டுக்குக் குறையாத காலம், பத்து வயதுக்கு முன்பே தொடக்கம் என்பவற்றோடு, இடைப்பட்ட நேரங்களிலும் நாளின் பெரும்பகுதி சிடுசிடுப்பு நீடிக்க வேண்டும் என்கிறது அது. அதுவரை இத்தகைய பிள்ளைகள் பலருக்கு, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் 'பைபோலார்' நோய் என்ற பெயர் சூட்டப்பட்டு வந்தது. ஆனால் வளர்ந்தபின் அவர்களிடம் அதிகம் தென்பட்டவை மனச்சோர்வும் பதற்றமும்தான் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டின. பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவே வரக்கூடும் என்பதை எந்தப் பெற்றோரும் அறியாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மருத்துவர் எங்கள் இருவருக்கும் தனித்தனியே ஒரு தாள் கொடுத்தார். கடந்த ஆறு மாதங்களைப் பற்றி ஏழே கேள்விகள் கொண்ட, 'அஃபெக்டிவ் ரியாக்டிவிட்டி இன்டெக்ஸ்' எனப்படும், எரிச்சலை அளக்கும் அளவுகோல் அது. 'நெடுநேரம் கோபமாகவே இருப்பது' என்ற வரிக்கு நான் 'இல்லை' என்று குறித்திருந்தேன். அவனோ 'நிச்சயம் உண்மை' என்ற கட்டத்தில், தாளின் மறுபுறம் தடம் தெரியும் அளவுக்குப் பென்சிலை அழுத்தியிருந்தான். மதிப்பெண் மட்டும் நோயைத் தீர்மானிக்காது என்று விளக்கிய மருத்துவர், அவனுடைய தூக்கத்தையும், வகுப்பில் யாரேனும் சீண்டுகிறார்களா என்பதையும் நெடுநேரம் விசாரித்தார்.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதன் முதல் வரி: "மாலை 4.30. வந்தான். பையை வைத்தான். காலணியைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான்." முன்பாக இருந்தால், இன்று சண்டையில்லை என்று நிம்மதியாகச் சமையலறைக்குள் போயிருப்பேன்.