.22 ரைஃபிளில் 200 கெஜம் எட்டிய கதை

டெக்சஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே .22 ரைஃபிளை எடுத்துக்கொண்டு 200 கெஜம், 300 கெஜம் சுடுகிறேன் என்று சொன்னால் நம்மூர் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். என்.சி.சி.யில் 25 மீட்டரில் படுத்துக்கொண்டு சுட்டோமே, அதே தோட்டாவா என்பார்கள். அதேதான். 1887-லிருந்து இருக்கும் .22 லாங் ரைஃபிள்: 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள ஈயக் குண்டு. பெரிய தோட்டா ஆயிரம் கெஜத்தில் காற்றிலும் இறக்கத்திலும் படும் பாட்டை இது 200 கெஜத்திலேயே படும். ஆயிரம் கெஜ ரேஞ்ச் எல்லா ஊரிலும் கிடையாது, பெரிய தோட்டா விலையும் கட்டுப்படியாகாது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

வாங்குவதற்கு முன் சட்டம். எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குமுன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். எனக்குக் கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சையே எடுத்தேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கார்டில் உள்ள ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை தரும் எண்) அதில் உண்டு. அப்புறம் எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை. குடியுரிமை இல்லாதவர்களின் குடியேற்றப் பதிவையும் பார்ப்பார்கள். முன்னால் நின்றவருக்கு உடனே முடிந்தது, எனக்கு 'டிலே' வந்தது. சில நாள் கழித்துப் போய் வாங்கிக்கொண்டேன். பதற்றப்பட ஒன்றுமில்லை.

ரைஃபிள் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, கனமான பேரல் உள்ள சிஇசட்டை எடுத்தேன். எது எடுத்தாலும் முதல் வருடம் ரைஃபிள் உங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாகத்தான் சுடும். காசைச் சேமித்து ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், போடுங்கள். சாதாரண .22 ஸ்கோப்புகளில் பாரலாக்ஸை (கண் சற்று நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை) 50 கெஜத்துக்குச் சரியாகும்படி கம்பெனியிலேயே நிறுத்தியிருப்பார்கள், 200-க்கு அது உதவாது. பக்கவாட்டில் திருகி மாற்றும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்கோப் உட்காரும் ரயில், அதாவது ரைஃபிள் மேல் தண்டவாளம் மாதிரி இருக்கும் பட்டை. 50 கெஜத்தில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த .22, 200 கெஜத்தில் ஏறக்குறைய நாலடி கீழே போய் விழும். 300-ல் பத்தடிக்கும் மேல். அதை ஈடுகட்ட 300-க்கு ஸ்கோப்பை 12 மில் அளவுக்கு (மில் என்பது கோண அளவு, தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலே திருப்ப வேண்டும். மொத்தம் 20 மில் திரும்பும் ஸ்கோப்பைத் தட்டையான ரயிலில் மாட்டினால் மேல் பக்கம் பாதிதான், 10 மில்தான், மிஞ்சும். 30 எம்.ஓ.ஏ. (இன்னொரு கோண அளவு) சாய்வுள்ள ரயில் போட்டால் இன்னும் எட்டரை மில்லுக்கு மேல் கிடைக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, தோட்டா. நேரமும் காசும் அதிகம் போனது இதில்தான். வேகமான தோட்டாதானே தூரம் போகும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நொடிக்கு 1,250 அடி வேகத்தில் கிளம்பும் தோட்டா, வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் அது 1,125 அடி. அந்த எல்லையைக் கடக்கும்போது காற்றின் தடை அதிகம், குண்டும் தடுமாறும். பக்கக் காற்றும் அதை அதிகமாகத் தள்ளும். 1,070 அடியில், ஒலிக்குக் கீழேயே கிளம்பும் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' தோட்டா இந்த வம்பிலேயே மாட்டாது. மேட்ச் தோட்டாக்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம்தான்.

ஆனால் பெட்டியில் என்ன பெயர் என்பதைவிட எந்த லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான எந்தத் தொகுதி, என்பதுதான் முக்கியம். சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே-யில் இரண்டு மூன்று வகை, ஈலி (Eley) என்று 50 தோட்டா பெட்டிகளாக வாங்கிவந்து, ஒவ்வொன்றாகக் குரோனோகிராஃபில் வேகம் பார்த்தேன். பிராண்ட் மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குண்டின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, பேரலில் அது படிந்து நிலைக்க வேண்டும். 50 கெஜத்தில் எல்லாமே அழகாக, நெருக்கமாகத்தான் விழுந்தன. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகத்தில் 30 அடி வித்தியாசம் இருந்தால் 200 கெஜத்தில் மேலும் கீழுமாக மூன்று நாலு அங்குலம் விலகும். அதை 50 கெஜத்துக் காகிதம் காட்டவே காட்டாது. எஸ்கே-யின் ஒரு லாட் என் பேரலுக்கு ஒத்துவந்தது. அதே லாட் நம்பரில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தேன். வீட்டில் அதற்கு வாங்கிய பேச்சு தனிக் கதை.

அப்புறம் 25 கெஜத்துக்கு ஒரு தடவை நிறுத்திச் சுட்டு, எத்தனை மில் திருப்பினேன் என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டினேன். போன் ஆப் தரும் கணக்கு 100 கெஜம் வரை சரியாக வந்தது. 200-ல் கொஞ்சம் தள்ளியது. ஆப்பில் வேகத்தையும் பி.சி.யையும் (குண்டு காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சொல்லும் எண்) என் அட்டைக்கு ஏற்ப மாற்றினேனே தவிர, அட்டையை ஆப்புக்கு ஏற்ப மாற்றவில்லை.

இறக்கம் ஒரு கணக்கு, போட்டுவிடலாம். காற்று அப்படியில்லை. மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 200 கெஜத்தில் குண்டை ஏறத்தாழ ஒரு அடி தள்ளும். ஒரே ஒரு மைல் கணிப்பில் பிசகினாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகும். ரேஞ்சில் எப்போதும் கடைசி மேசையில் உட்காரும் ஒரு பெரியவர், நான் கையில் வைத்திருந்த காற்றுமானியைப் பார்த்துவிட்டு, "அது நீ உட்கார்ந்திருக்கும் இடத்துக் காற்றுதானே?" என்றார். நடுவழியில் உள்ள புல்லைப் பார்க்கச் சொன்னார். வெயில் ஏறினால் ஸ்கோப்பை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்து, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். கானல் நேராக மேலே கொதித்தால் சுடாதே, காற்று திசை மாறப்போகிறது என்றார். காற்றுமானியைவிட இதில்தான் எனக்கு அதிகம் பலன்.

200 கெஜத்து இரும்புத் தட்டில் படும் சத்தம் காதுக்கு வர, ட்ரிகரை அழுத்தியதிலிருந்து ஒரு நொடிக்கு மேல் ஆகும். குண்டு போக அரை நொடிக்கு மேல், சத்தம் திரும்ப இன்னொரு அரை நொடி. உதைப்பே இல்லாததால் கண் ஸ்கோப்பை விட்டு நகராது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் குண்டு வளைந்து இறங்குவதைக்கூடப் பார்க்கலாம். இந்தச் சுகத்துக்காகவே பெரிய ரைஃபிளை நான் ஒத்திப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

300 கெஜம் இன்னும் கைக்கு வரவில்லை. அமைதியான காலையில் படுகிறது, ஒன்பது மணிக்கு மேல் அதிர்ஷ்டம்தான். இதற்கிடையே வாங்கி வைத்த லாட் தீரப் போகிறது, கடையில் இருப்பது வேறு நம்பர். வரும் சனிக்கிழமை குரோனோகிராஃபோடு மறுபடி 50 கெஜத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.